விறகு செயின்சாவுக்கு ஏற்ற செயின்: விதி மூன்று, மதி ஒன்று

நூல் எழுதப் புகுந்தவர் பாயிரம் சொல்லாமல் பொருளுக்குள் இறங்கலாகாது என்பது மரபு. நுதலிய பொருள், எல்லை, கேட்போர், பயன் என்று நன்னூல் கேட்கும் கேள்விகளுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிட்டால் பிறகு யாரும் குறை சொல்ல முடியாது. இக்கட்டுரை நுதலிய பொருள், விறகு அறுக்கும் நடுத்தரச் செயின்சாவுக்கு எந்தச் செயின் தகும் என்பது. எல்லை, 45 முதல் 60 சிசி வரையிலான எஞ்சினும் 16 முதல் 20 அங்குலம் வரையிலான பாரும். இதற்குக் கீழே உள்ளவை வேலியோரக் கிளை கழிப்பவை, மேலே உள்ளவை காட்டில் பெருமரம் சாய்ப்பவை. அவ்விரு சாராரும் வேறு நூல் தேடிக்கொள்ளட்டும். கேட்போர், ஒரு லோடு கட்டையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு மழைக்கு முன்னால் அறுத்து, பிளந்து, அடுக்கியாக வேண்டியவர்கள். பயன் என்று பார்த்தால், அறம் பொருள் இன்பம் வீடு என்ற நான்கில் பொருள் நிச்சயம். இன்பம் அவரவர் காதைப் பொறுத்தது. வீடுபேற்றை நினைத்த மாத்திரத்தில் தரவல்ல 'கிக்பேக்' என்னும் நிகழ்வைப் பற்றிப் பிற்பகுதியில் தனியே பேசுவோம்.

செயின் வாங்கப் போனவரிடம் நான்கு விவரம் கேட்கப்படும்: பிட்ச், கேஜ், டிரைவ் லிங்க் எண்ணிக்கை, பல்லின் வடிவம். இந்த நான்கையும் ஒரே தட்டில் வைத்து, நான்குமே தம் விருப்பத்துக்கு விடப்பட்டவை என்று எண்ணிப் பலர் மாதக்கணக்கில் தூக்கம் கெடுகிறார்கள். இக்கட்டுரையின் துணிபு வேறு. முதல் மூன்றும் விதி. மெஷினை வாங்கிய அன்றே எழுதப்பட்டுவிட்டன. நான்காவது ஒன்றுதான் மதி. அந்த ஒன்றிலும் விறகு என்னும் பொருளின் இயல்பு தெரிந்தவருக்கு விடை ஒன்றே: மூலை வளைந்த பல். கடைகளில் 'செமி சிசில்' என்பார்கள். இதற்கு எதிராக 'ஃபுல் சிசில்' என்னும் கூர்மூலைப் பல்லைப் போற்றும் கட்சி ஒன்று இருக்கிறது, வலிமையான கட்சிதான். விறகு விவகாரத்தில் உலகம் இரண்டாகப் பிரிவது புதிதும் அன்று. 2013 பிப்ரவரியில் நார்வேயின் பொதுத்துறைத் தொலைக்காட்சி விறகைப் பற்றி 12 மணி நேர நிகழ்ச்சி ஒன்றை ஒளிபரப்பியபோது, பட்டை மேலே பார்க்க அடுக்குவதா, கீழே பார்க்க அடுக்குவதா என்று நேயர்கள் இரு கட்சியாகப் பிரிந்து மோதினார்கள். கோயில் யானைக்கு எந்த நாமம் இடுவது என்று வழக்காடிய மண்ணில் பிறந்த வாசகருக்கு இதில் வியப்பு ஒன்றும் இராது.

வாதத்துக்கு முன் குலமுறை கிளத்துவோம். செயின் ரம்பத்தின் மூதாதை மரத்தை அறுக்கப் பிறந்ததே அன்று. எலும்பை அறுக்கப் பிறந்தது. 1830 வாக்கில் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரத்து எலும்பு மருத்துவக் கருவியாளர் பெர்ன்ஹார்ட் ஹைன், பல் பதித்த சங்கிலி ஒன்றைத் தகட்டைச் சுற்றி ஓடவிட்டுக் கைப்பிடியால் சுழற்றும் கருவியைச் செய்தார். மரத்துக்கு அது வந்து சேர ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. 1920களில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் முதலானோர் ஜெர்மனியில் செய்த ரம்பங்கள் இரண்டு ஆள் தூக்குபவை. எஞ்சின் வளர்ந்த அளவுக்குப் பல் வளரவில்லை என்பதே அக்காலத்துக் குறை. பழைய கை ரம்பத்தின் பல்லை அப்படியே சங்கிலியில் ஏற்றியிருந்தார்கள். அது மரத்தைச் சீவுவதற்குப் பதில் பிறாண்டியது. பிறாண்டியதால் சீக்கிரம் மழுங்கியது. மழுங்கியதால் அரமும் கையுமாகவே அரைநாள் போனது. இந்த நிலையை மாற்றியவர் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்து மரவெட்டி ஜோசப் புஃபோர்ட் காக்ஸ். 1946இல் ஒரு நாள் அவர் கட்டை வெட்டிக்கொண்டிருந்தபோது, மரத்தைக் குடைந்து தின்னும் வண்டுப் புழு ஒன்று, நார்ப்போக்கு நேரோ குறுக்கோ கவலைப்படாமல், இடம் வலம் என்று மாறி மாறித் தாடையை ஓட்டி முன்னேறுவதைக் கண்டார். எர்கேட்ஸ் ஸ்பிக்குலேட்டஸ் என்னும் வண்டின் புழு அது. அதன் தாடை அமைப்பைப் பின்பற்றி இடப் பல்லும் வலப் பல்லும் மாறி மாறி வரும் செயினைச் செய்து, 1947இல் போர்ட்லேண்டில் விற்கத் தொடங்கினார். இன்று உலகில் ஓடும் செயின்கள் பெரும்பாலானவற்றின் பல்லமைப்புக்கு மூலம் அந்தப் புழு. இதில் நமக்கு வேண்டிய குறிப்பு ஒன்றுண்டு. காக்ஸ் அன்று வெட்டிக்கொண்டிருந்தது விறகு என்றே சொல்லப்படுகிறது. அச்செய்தி கொண்டு, விறகுக்கு எந்தச் செயின் ஏற்றது என்ற கேள்வி மற்றெல்லாச் செயின் கேள்விகளுக்கும் மூத்தது என்று கொள்ள இடமிருக்கிறது.

இனி விதி. முதலாவது பிட்ச். செயினில் அடுத்தடுத்து வரும் மூன்று ரிவெட்டுகளுக்கு இடையிலுள்ள தூரத்தை அளந்து பாதியாக்கினால் வருவது. ஏன் இரண்டு ரிவெட்டை அளந்து அப்படியே கொள்ளக்கூடாது என்று கேட்கலாம். ரிவெட்டுகளின் இடைவெளி ஒன்றுபோல் இருப்பதில்லை, ஆகவே சராசரி. நடுத்தர மெஷின்களில் காணப்படுவன பெரும்பாலும் 0.325 அங்குலமும் 3/8 அங்குலமும். இவற்றுள் 3/8 என்பது ஆராய்ச்சியாளரை ஆழ்ந்த சிந்தனையில் தள்ளக்கூடியது. 3/8 அங்குலம் என்பது கணக்குப்படி 9.525 மில்லிமீட்டர். ஆனால் 3/8 என்று விற்கப்படும் செயினின் உண்மையான பிட்ச் 9.32 மில்லிமீட்டர். உலகம் முழுவதும் பல தலைமுறைகளாக ஒரு பெயரும் வேறோர் அளவுமாக வாழ்ந்து, ஒருவரும் கேள்வி கேட்காமல் விறகும் அறுபட்டு வருகிறது. ஊர்ப்பெயர்களில் மட்டுமே இத்தகைய நிதானத்தைக் காண முடியும். எது எப்படியாயினும், மெஷினில் இருக்கும் ஸ்பிராக்கெட்டின் பல் எந்தப் பிட்சுக்கு வெட்டப்பட்டதோ அந்தப் பிட்ச் செயின்தான் அதில் ஓடும். மாற்ற வேண்டுமானால் ஸ்பிராக்கெட்டையும் பாரையும் சேர்த்து மாற்ற வேண்டும். இரண்டாவதாகிய கேஜ், பாரின் காடிக்குள் ஓடும் டிரைவ் லிங்கின் தடிமன்: 1.3, 1.5, 1.6 மில்லிமீட்டர் என்பன வழக்கில் உள்ளவை. பாரின் காடி என்ன அகலமோ அதுவே. அகலக் காடியில் மெல்லிய செயினை விட்டால் அது ஆடி ஆடி வளைவாக அறுக்கும். குறுகிய காடியில் தடித்த செயினை விட முயன்றால் அது நுழையவே நுழையாது. இவ்வகைத் தவறுக்குத் தண்டனை உடனடியாகக் கிடைப்பதால் அது நல்ல தவறு.

மூன்றாவது விதி டிரைவ் லிங்க் எண்ணிக்கை. '20 அங்குலப் பாருக்கு ஒரு செயின்' என்று கேட்பது, 'நடுத்தர உயர ஆளுக்கு ஒரு சட்டை' என்று கேட்பதைவிடச் சற்றுத்தான் தெளிவானது. ஒரு கம்பெனியின் 20 அங்குலப் பாருக்கு 72 லிங்க் வேண்டும். இன்னொன்றின் 20 அங்குலத்துக்கு 70 போதும். எண்ணித்தான் தீர வேண்டும். இங்கேதான் கல்வெட்டியல் நமக்குக் கைகொடுக்கிறது. சில சமயம் கையை விட்டும் விடுகிறது. செயினின் டிரைவ் லிங்குகளில் சிறு எண் பொறிக்கப்பட்டிருக்கும். ஓரிகான் என்னும் கம்பெனியின் செயினில் 72 என்று கண்டவர், ஆகா, 72 லிங்க் என்று முடிவு கட்டுவார். அவர் தவறினார். அங்கே 72 என்பது 3/8 பிட்ச், 1.3 மில்லிமீட்டர் கேஜ் என்பதற்கான குறியீடு. அதே பிட்சில் கேஜ் 1.5 ஆனால் 73, 1.6 ஆனால் 75. இடையில் 74 எங்கே போயிற்று என்பது தனி ஆய்வுக்குரியது. குழப்பம் அதோடு நிற்கவில்லை. 72எல்ஜிஎக்ஸ்072ஜி என்று பெட்டியில் அச்சிட்ட ஒரு செயின் உண்டு. இதில் முதல் 72 பிட்சையும் கேஜையும் குறிக்கும். பின்னால் வரும் 072தான் லிங்க் எண்ணிக்கை. இடையிலுள்ள எழுத்துகள் பல்லின் வகையைச் சொல்லும். ஒரே எண் ஒரே தொடரில் இரு பொருளில் வருவது செய்யுளுக்கு அழகு, ஸ்பேர் பார்ட்ஸ் பெட்டிக்கு அழகன்று என்று மட்டும் சொல்லி மேலே செல்வோம். ஆக, மூன்று விதிகளும் பாரின் அடிப்புறத்தில் பெரும்பாலும் பொறித்தே இருக்கின்றன. தலையெழுத்தை வாசிக்க முடிந்த அரிய இடங்களுள் அது ஒன்று.

எஞ்சியது மதிக்குரிய பல். செயின் பல்லை உற்றுப் பார்த்தால் மேல்தகடு, பக்கத்தகடு என்று இரண்டு தகடுகள் சந்திக்கும் ஒரு மூலை தெரியும். மரத்தின் நாரை முதலில் அறுப்பது அந்த மூலை. அறுபட்ட நாரைச் சில்லாகப் பெயர்த்தெடுப்பது மேல்தகட்டின் விளிம்பு. ஃபுல் சிசிலில் அந்த மூலை செங்கோணமாகக் கூர்த்து நிற்கும். செமி சிசிலில் அது சிறு வளைவாக இருக்கும். வேறுபாடு அவ்வளவே, கண்ணாடி போட்டுத் தேட வேண்டிய அளவு. ஆனால் பக்தர்களின் பிளவுக்குப் பெரிய காரணம் வேண்டியதில்லை. கூர்மூலையில் வேலை முழுவதும் ஒரு புள்ளியில் குவிகிறது. புதுப் பென்சிலின் ஊசிமுனை எழுதும் எழுத்து எவ்வளவு அழகோ, அவ்வளவு விரைவில் அது உடைவதும் உறுதி. அந்தப் புள்ளி போனால் பல்லே போனதற்குச் சமம், ஏனெனில் மீதி விளிம்பு கூராகவே இருந்தாலும் அது நாரை அறுக்காமல் இழுக்கும். வளைமூலையில் வேலை ஒரு வில்லின் நீளத்துக்குப் பரவுகிறது. வில்லின் ஓரிடம் மழுங்கினாலும் பக்கத்து இடம் வேலையைத் தொடரும். ஒரு தலைவரை நம்பிய கட்சிக்கும் கிளைக் கழகங்கள் உள்ள கட்சிக்கும் இடையிலான வேற்றுமை இது என்று அரசியல் நோக்கர் எவரேனும் சொன்னால் நாம் மறுக்கப் போவதில்லை.

இப்போது விறகின் இயல்பு. இதை மறந்துவிட்டுச் செயினைப் பற்றிப் பேசியதால்தான் எதிர்க்கட்சியார் வழுவினர். மரக்கம்பெனிக்காகக் காட்டில் நிற்கும் மரத்தைச் சாய்ப்பவர் பச்சை மரத்தை அறுக்கிறார். இடுப்பு உயரத்திலோ முழங்கால் உயரத்திலோ அறுக்கிறார். அவர் தொடும் பட்டையில் மண் குறைவு. விறகு என்பது அப்படியன்று. அது சாய்ந்து, உருண்டு, இழுக்கப்பட்டு, லாரியிலிருந்து தரையில் கொட்டப்பட்ட பிறகுதான் விறகு என்று பெயர் பெறுகிறது. பட்டையின் வெடிப்புகளில் மணலை வாங்கிக்கொண்டே அது நம்மிடம் வருகிறது. காய்ந்திருக்கும், காய்ந்த மரம் பச்சையைவிடக் கடினம். கணுவும் முறுக்கும் உள்ள கட்டைதான் பலகைக்கு உதவாமல் விறகாகிறது. மண், காய்வு, கணு ஆகிய மூன்றும் சேர்ந்ததே விறகின் இலக்கணம். மணலின் முதன்மைப் பொருளான குவார்ட்ஸ், பல் செய்த எஃகைவிடக் கடினமானது. அது பல்லைச் சந்திக்கும் வேகத்தையும் கணக்கிடலாம். 7 பல் ஸ்பிராக்கெட் நிமிடத்துக்கு 10,000 முறை சுற்றுகிறது என்று கொண்டால், 3/8 பிட்ச் செயின் விநாடிக்கு 21 மீட்டருக்கு மேல் ஓடும். மணிக்கு ஏறத்தாழ 78 கிலோமீட்டர். 72 லிங்க் செயினில் 36 பற்கள் இருப்பதால், பட்டையின் ஒரு வெடிப்பில் உட்கார்ந்திருக்கும் மணலின் முன்னால் விநாடிக்கு ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பற்கள் அணிவகுத்துப் போகின்றன. ஒவ்வொன்றும் தன் மூலையைக் கொஞ்சம் கொடுத்துவிட்டுப் போகிறது. கொடுப்பதற்கு ஒரே ஒரு புள்ளி வைத்திருப்பவர் முதலில் ஓட்டாண்டியாகிறார்.

அளவை நூலார் காண்டல், கருதல், உரை என்று மூன்று பிரமாணம் வைப்பார்கள். மூன்றும் நம் பக்கமே நிற்கின்றன. காண்டல்: கூரான செயின் துண்டு துண்டான சில்லுகளைத் தள்ளும், மழுங்கியது மாவாகத் தூள் தள்ளும். மண்ணடைந்த கட்டையில் இரு வகைச் செயினையும் ஓட்டினால் சில்லு மாவாக மாறும் கட்டம் கூர்மூலைக்கு முந்தி வரும். கருதல்: புகையைக் கண்டு நெருப்பை அனுமானிப்பது தருக்க நூல்களின் பழைய எடுத்துக்காட்டு. விறகில் இது சற்றே திரியும். அறுக்கும்போதே கட்டையிலிருந்து புகை எழுந்தால் அங்கே அனுமானிக்க வேண்டியது நெருப்பை அன்று, மழுங்கிய பல்லை. அல்லது செயின் ஆயில் தீர்ந்ததை. மலையில் புகை கண்ட தருக்கவாதி அடுப்பில்லாமலே நெருப்பைக் கண்டுபிடித்தான். இங்கே அடுப்புக்குப் போக வேண்டிய விறகு வழியிலேயே புகைகிறது. உரை: செயின் செய்யும் கம்பெனிகளே அழுக்கு மரத்துக்கும் காய்ந்த கடின மரத்துக்கும் வளைமூலையைத்தான் பரிந்துரைக்கின்றன. இரண்டு வகையையும் விற்பவர் இரண்டில் ஒன்றைக் குறிப்பிட்டுச் சொன்னால் அந்த உரையை ஆப்த வாக்கியமாகக் கொள்வதில் தடையில்லை.

அற்றேல் அஃதாக, கூர்மூலை வேகமாக அறுக்கிறதே, அதற்கு என்ன விடை என்பார் உளர். வேகமாகத்தான் அறுக்கிறது. சுத்தமான, ஈரமுள்ள, மென்மையான மரத்தில், தீட்டி எடுத்த கையோடு பந்தயம் வைத்தால் ஃபுல் சிசில்தான் வெல்லும். இதை மறுப்பது நேர்மையன்று. ஆனால் பந்தயம் அந்த ஒரு வெட்டோடு முடிவதில்லை. விறகு வேலை என்பது என்ன? கட்டையைப் புரட்டுவது, முட்டுக் கொடுப்பது, அளவு பார்ப்பது, அறுப்பது, அறுந்ததை ஒதுக்குவது, பிளப்பது, சுமப்பது, அடுக்குவது. இந்தச் சங்கிலியில் அறுப்பது ஒரு கண்ணி. முழங்கால் பருமன் கட்டையில் ஒரு வெட்டுக்கு மிச்சமாகும் ஓரிரு விநாடி, அடுத்த கட்டையை உருட்டி வைப்பதற்குள் கரைந்து போகும். மிச்சம் பிடித்த விநாடிகளைச் சேர்த்து என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டால் கூர்மூலைக் கட்சியாரிடம் நேரான பதில் கிடைப்பதில்லை. செயினைத் தீட்டுவதற்குச் செலவிடுவோம் என்பதே உண்மையான பதிலாக இருக்கும். வேகத்தை அந்த நேரத்து வேகமாக அளப்பதா, லோடு தீரும்வரை உள்ள வேகமாக அளப்பதா என்பதில்தான் தகராறு. விறகுக்காரருக்கு இரண்டாவதே அளவை. மரம் அறுக்கும் போட்டிக்குப் போகிறவர்கள் முதலாவதை வைத்துக்கொள்ளலாம். அங்கே மண் பட்ட கட்டையைக் கொடுக்கமாட்டார்கள்.

இதைவிடக் கூரான மறுப்பு ஒன்று உண்டு. அடிக்கடி தீட்டுபவனுக்கு எந்தச் செயினும் ஒன்றுதான், சோம்பேறிக்குத்தான் செமி சிசில் என்பது அது. இதில் பாதி உண்மை இருப்பதால் சற்று நின்று பதில் சொல்ல வேண்டும். தீட்டுவது கைக்குள் அடங்கிய கலைதான். 0.325 பிட்சுக்கு 4.8 மில்லிமீட்டர் உருட்டு அரம், 30 பாகைச் சாய்வு, பல்லுக்கு இரண்டு மூன்று தேய்ப்பு, எல்லாமே ஒரே பக்கம் நோக்கி. இடப் பற்களை முடித்துவிட்டு மறுபக்கம் வந்து வலப் பற்கள். சில முறை தீட்டியபின் ஒவ்வொரு பல்லின் முன்னாலும் நிற்கும் ரேக்கரையும் தட்டை அரத்தால் இறக்க வேண்டும். அது பல்லின் உச்சியைவிட ஏறத்தாழ 0.65 மில்லிமீட்டர் தாழ இருக்க வேண்டும். அதிகம் தாழ்த்தினால் பல் பெரும் கவளமாகக் கடித்து மெஷினை உதறும். தாழ்த்தாவிட்டால் எவ்வளவு கூரான பல்லும் மரத்தைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போகும். இவையெல்லாம் இரு கட்சிக்கும் பொது. வேற்றுமை எங்கே என்றால், கூர்மூலையில் புள்ளி சிதைந்தபின், சிதைந்த பகுதி முழுவதும் தேய்ந்து புதுப் புள்ளி பிறக்கும்வரை அராவ வேண்டும். வளைமூலையில் அவ்வளவு எஃகை இழக்க வேண்டியதில்லை. 36 பல்லிலும் ஒவ்வொரு முறையும் கூடுதலாக அராவியவர் செயினின் ஆயுளைத்தான் அராவுகிறார். அரம் எல்லாவற்றையும் சமன்செய்யும் என்பது மெய். யாருடைய செலவில் என்பதே கேள்வி. பல்லை ஒழுங்காகத் தீட்டத் தெரியாதவர் கையில் எந்த வடிவமும் பயன் தராது என்பதையும் இங்கேயே ஒப்புக்கொள்வோம்.

கட்டையைத் தரையில் போடாமல் மரக்கால் அடித்து அதன்மேல் வைத்து அறுத்தால் மண்ணே படாதே என்பார்க்கு: நல்ல யோசனை, முதுகுக்கும் நல்லது, செய்யுங்கள். ஆனால் மரக்கால் தரையின் மண்ணைத்தான் தவிர்க்கும். பட்டைக்குள் ஏற்கெனவே புகுந்துவிட்ட மண்ணை அது வெளியேற்றாது. கார்பைடு பல் வைத்த செயின் வாங்கினால் என்ன என்பார்க்கு: அது மீட்புப் படையினர் கூரையைப் பிளக்க வைத்திருப்பது, விலை பல மடங்கு, தீட்ட வைரச் சக்கரம் வேண்டும். பல்லை இடைவிட்டு வைத்த 'ஸ்கிப்' செயின் நீண்ட பாரில் சில்லு வெளியேற இடம் கொடுப்பதற்கானது, 18 அங்குலத்தில் அதற்கு வேலையில்லை. நீளவாக்கில் பலகை கிழிக்கும் செயினின் பல் சாய்வு 10 பாகை அளவில் குறைவாக இருக்கும். விறகைக் குறுக்கே அறுப்பவர் அதை வாங்கினால் கடைக்காரருக்கு மட்டுமே பயன்.

இந்தக் கொள்கைக்கு நம் ஊர் உரைகல் ஒன்றும் இருக்கிறது. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் கரிமூட்டத்துக்கும் அடுப்புக்கும் போகும் சீமைக் கருவேலத்தைவிட விறகின் இலக்கணத்தை நிறைவு செய்யும் மரம் கிடையாது. தரையோடு தரையாகப் பல தண்டாகக் கிளைக்கும். அதனால் வெட்டு எப்போதும் மண்ணுக்கு அருகில்தான் விழும். வைரம் பாய்ந்தால் அரிவாள் திரும்பும். போதாததற்கு முள். தூரோடு அறுக்கக் குனிந்தவரின் பார் நுனி மண்ணைத் தொடாமல் திரும்புவது அபூர்வம். இப்படிப்பட்ட மரத்துக்குக் கூர்மூலைப் பல்லை எடுத்துச் செல்வது, செல்பவரின் பெருந்தன்மையைக் காட்டுமேயன்றி அறிவைக் காட்டாது. சாலையோரப் புளியமரம் விழுந்து விறகாக வந்தால் கதை வேறு. அதில் இறங்கியிருக்கும் ஆணிகள், டியூஷன் சென்டர் விளம்பரம் முதல் மனை விற்பனைத் தட்டி வரை பல தலைமுறைப் பலகைகளைத் தாங்கி, பட்டை வளர்ந்து மூடி, மேலே தெரியாமல் உள்ளே காத்திருக்கும். ஆணிக்கு முன் வளைமூலை, கூர்மூலை என்ற பேதம் கிடையாது; அத்வைதம் அங்கே நடைமுறையில் நிரூபணமாகிறது. சாலையோர மரத்தை வாங்குபவர் ஆள் உயரம் வரையிலான அடிமரத்தைப் பட்டை சீவிப் பார்த்துவிட்டு அறுப்பது நல்லது.

முன்பு சொன்ன கிக்பேக் பற்றி இனி நேராகவே பேசலாம். இதில் பகடிக்கு இடமில்லை. பார் நுனியின் மேல் கால்வட்டப் பகுதி கட்டையில் பட்டால், ஓடும் செயினின் விசை பாரை மேலும் பின்னுமாக, அறுப்பவரின் முகத்தை நோக்கி எறியும். மனிதக் கையால் தடுக்க முடியாத வேகம் அது. கட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் விறகுக் குவியலில், முன்னாலிருக்கும் கட்டையை அறுக்கும்போது பின்னால் மறைந்திருக்கும் கட்டையில் நுனி படுவது எளிது. ஆகவே காட்டில் வேலை செய்பவரைவிட விறகுக்காரருக்கு இது அதிகம் வேண்டிய எச்சரிக்கை. பல்லுக்கு முன்னால் சரிவான மேடு வைத்து இந்த உதைப்பைக் குறைக்கும் செயின்கள் கிடைக்கின்றன. நுனியால் மரத்தைத் துளைக்கும்போது அவை சற்றுச் சுணங்கும் என்பதே அவற்றின் மீதுள்ள புகார். விறகு அறுப்பவர் நுனியால் துளைக்க வேண்டிய தேவை எதுவும் கிடையாது என்பதால் அந்தப் புகார் நம் நீதிமன்றத்தில் தள்ளுபடியாகிறது. செமி சிசிலில், உதைப்புக் குறைந்த வகையைக் கேட்டு வாங்குங்கள். மெஷினில் செயின் பிரேக் வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். மழுங்கிய செயினை அழுத்தி அறுப்பவர் தம் உடம்பின் எடையையே நுனியை நோக்கிச் சாய்க்கிறார் என்பதும் இதே கணக்கில் சேர வேண்டும்.

ஒன்றுக்கு இரண்டாக வாங்குவது நல்லது. காட்டிலோ களத்திலோ உட்கார்ந்து தீட்டிக்கொண்டிருப்பதைவிட, மழுங்கியதைக் கழற்றிவிட்டுத் தீட்டியதை மாட்டிக்கொண்டு, மாலையில் நிழலில் இரண்டையும் அராவிக்கொள்ளலாம். இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டினால் ஸ்பிராக்கெட்டும் அவற்றோடு ஒரே சீராகத் தேயும். இரண்டும் தேய்ந்து முடியும்போது ஸ்பிராக்கெட்டையும் மாற்றிவிட வேண்டும். பழைய ஸ்பிராக்கெட் புதுச் செயினைச் சீக்கிரம் தின்றுவிடும். பிட்ச், கேஜ், லிங்க் எண்ணிக்கை என்று மேலே சொன்னவற்றையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கடைக்குப் போகும்போது பழைய செயினைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள், கடைக்காரர் எண்ணிக்கொள்வார். 'செமி சிசில்' என்ற சொல்லை மட்டும் நீங்கள் சொன்னால் போதும்.